முந்நூறு வயது வீட்டில் குடித்தனம்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகளும் மருமகனும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பழைய வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். விலை படிந்துவிட்டது, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். ஒரே ஒரு வில்லங்கம்: அது அரசாங்கப் பட்டியலில் உள்ள பாரம்பரிய வீடு. "காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் ஒரு ஜன்னலை மாற்ற நகராட்சியிடம் போய் நிற்க வேண்டுமாமே, இது என்ன நியாயம்?" என்று கேட்கிறார்.

நிற்கத்தான் வேண்டும். கேட்காமல் மாற்றினால் அங்கே அது குற்றவியல் குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். ஆனால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை, எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் பட்டியலில் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் இருக்கின்றன. இவற்றில் முதல் தரம் என்று குறிக்கப்பட்டவை நூற்றுக்கு இரண்டரைதான். பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம். ஆகவே பட்டியல் என்றதும் அரண்மனையையும் தேவாலயத்தையும் மட்டும் நினைக்க வேண்டாம். வரிசை வீடுகளும், பண்ணைக் கொட்டகைகளும், சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளும் அதில் உண்டு. பீட்டில்ஸ் குழுவினர் வரிசையாக நடந்து படம் எடுத்துக்கொண்ட அபே ரோடு சாலைக் கடப்புகூட 2010-இல் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 1700-க்கு முன் கட்டப்பட்டு ஓரளவு பழைய உருவத்தில் நிற்கிற கட்டடம் அனைத்தும், 1700 முதல் 1850 வரை கட்டியவற்றில் பெரும்பாலானவையும் இந்தக் காப்புக்குள் வரும். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த நகரங்களில், எந்த இடிபாட்டைத் தள்ளலாம், எதைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று அவசரமாகக் குறிப்பெடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 1944, 1947-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதற்கு உருவம் கொடுத்தன. இப்போது நடப்பில் இருப்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம்.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. தெருவிலிருந்து பார்க்கும் முகப்பு மட்டும்தான் காப்புக்குள் வரும், உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று. அப்படி இல்லை. படிக்கட்டின் கைப்பிடி, கணப்படுப்பின் மேற்பலகை, அறைகளைப் பிரிக்கும் பலகைச் சுவர், எல்லாமே பட்டியலில் அடக்கம். அதே வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே இருக்கும் கொல்லைச் சுவரும் அடக்கம். அப்படியானால் குழந்தை குட்டியோடு அங்கே எப்படி வாழ்வது? வாழலாம். லண்டனிலேயே ஒரு பேட்டை அதற்குச் சாட்சி.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்பது அதன் பெயர். 1685-இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் புராட்டஸ்டண்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தபோது, உயிர் பிழைத்து ஓடிவந்தவர்களில் பட்டு நெசவாளர்களும் வணிகர்களும் பெருங்கூட்டமாக இங்கே குடியேறினார்கள். 1720-களில் எழும்பிய ஃபோர்னியர் தெரு வீடுகளைப் பார்த்தால் அது இன்றும் தெரியும். ஒடுங்கிய முகப்பு, நான்கைந்து தளம், உச்சியில் தறிக்கு வெளிச்சம் வர அகலமான ஜன்னல். நெசவு நொடித்தது; வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்தார்கள், பிறகு வங்காளிகள் வந்தார்கள். தெரு முனையில் 1743-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தொழுகைக்கூடம் மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதர்களின் ஜெப ஆலயமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது. சுவர் அதே சுவர்தான். ஆட்கள் மாற மாறக் கட்டடம் வளைந்து கொடுத்திருக்கிறது.

1970-களில் அந்தப் பேட்டையில் புல்டோசர் நுழைந்தது. 1977-இல் எல்டர் தெருவில் இரண்டு வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது, சில இளம் கட்டடக்கலை ஆர்வலர்கள் உள்ளே புகுந்து குடியேறிவிட்டார்கள். கூரை ஒழுகியது, மின்சாரம் இல்லை, ஆனாலும் நகரவில்லை. அந்த வம்படியில் பிறந்ததுதான் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் அறக்கட்டளை. பாழடைந்த வீட்டை வாங்கி, இடிந்து விழாத அளவுக்குப் பழுது பார்த்து, அதில் குடியிருக்கச் சம்மதிப்பவருக்கு விற்பது அதன் வழி. நாளைக்குப் பார்வையாளர் சீட்டுக் கொடுக்கும் காட்சிக்கூடமாக்காமல், அடுப்பு எரியும் வீடாக்கினார்கள். அதைத்தான் பாராட்ட வேண்டும். அதே பேட்டையில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த டென்னிஸ் செவர்ஸ் என்பவர் 1979-இல் ஒரு வீட்டை வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் குடும்பம் இப்போதுதான் எழுந்து போனது போல அலங்கரித்து வைத்தார். இப்போது அது அருங்காட்சியகம். அழகுதான், ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்கு வெந்நீர் வேண்டுமே!

வெந்நீரும் குளியலறையும் உண்மையில் பெரிய சிக்கல் இல்லை. அந்தக் கால வீடுகளின் பின்புறத்தில், ஒவ்வொரு தளத்திலும் சின்னதாக ஒரு அறை நீட்டிக்கொண்டிருக்கும். உடை மாற்றவும் எழுதவும் வைத்திருந்தது. இன்றைக்குக் குளியலறையாக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. குழாய்களைத் தரைப்பலகைக்கு அடியில் உத்தரக் கட்டைகளின் போக்கிலேயே ஓட்டினால் எந்தக் கட்டையையும் வெட்ட வேண்டாம். போன நூற்றாண்டின் குழாய்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. குறுக்கே வெட்டிக் குழாயைச் செருகி, கட்டையின் பலத்தைப் பாதியாக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பலகையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். மின் கம்பியும் அப்படித்தான். பழைய பூச்சைக் கொத்திப் புதைக்காமல், பலகைச் சுவருக்குப் பின்னாலும் மூடிக் கிடக்கும் புகைபோக்கி வழியாகவும் இழுக்கலாம். பிற்காலத்தில் கழற்றினால் வீட்டில் தழும்பு இருக்கக் கூடாது என்பதே விதி.

தகராறு வருவது சமையலறையில். அக்காலத்தில் சமையல் நிலவறையில் நடந்தது, சமைத்தவர்கள் வேலைக்காரர்கள். இன்றைய குடும்பத்துக்குச் சமைக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற இடமும் ஒன்றாக வேண்டும். உடனே முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டிவிடலாம் என்று தோன்றும். நகராட்சி அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். அறைகளின் அமைப்பே அந்த வீட்டின் வரலாறு என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலவறையையே மீண்டும் சமையலறையாக்கி, கொல்லைப் பக்கம் கதவு திறந்து விட்டவர்கள் சுவரை இடிக்காமலேயே வேண்டியதைப் பெற்றிருக்கிறார்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பழைய பெயின்ட். அதில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கிற தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரிக்கத்தான் வேண்டுமென்றால் ஈரமாக்கி உரிக்க வேண்டும். வேலை முடிகிற வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில் இருப்பது நல்லது. (பரணில் வௌவால் இருந்தால் அதுவும் தனிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, விரட்ட முடியாது.)

இனி ஜன்னலுக்கு வருவோம். வாசகர் கேட்டதும் அதைத்தான்.

இந்த வீடுகளில் இருப்பது நம் வீட்டு ஜன்னலைப் போலக் கீலில் திறக்கும் கதவு இல்லை. மேலும் கீழும் நழுவுகிற இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். சாஷ் ஜன்னல் என்பார்கள். ஒருவர் இரண்டு விரலால் தூக்கினால் மேலே போகும். கையை எடுத்தால் எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கும். கொக்கி இல்லை, விசை இல்லை. அப்படியானால் அந்தக் கனமான சட்டத்தைத் தாங்குவது யார்?

ஜன்னல் நிலையின் இரண்டு பக்கமும் உள்ளே பொள்ளலான மரப்பெட்டி. ஒவ்வொரு சட்டத்தின் இரு ஓரத்திலும் கட்டிய கயிறு, நிலையின் உச்சியில் இருக்கும் கப்பிமீது ஏறி, பெட்டிக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் வார்ப்பிரும்பாலான எடைக்கட்டை தொங்குகிறது. ஒரு ஜன்னலுக்கு இரண்டு சட்டம், நான்கு கயிறு, நான்கு கட்டை. கிணற்றில் இரண்டு வாளி கட்டிய கப்பியில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்: ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், கைக்கு மிச்சப்படுவது சிறு வித்தியாசம் மட்டும்தான். அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் தச்சரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மேல் சட்டத்தின் கட்டைகள் இரண்டும் சேர்ந்து சட்டத்தைவிடக் கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கும். அதனால் மேல் சட்டம் தானாகவே மேலே ஒட்டி நிற்கும். கீழ்ச் சட்டத்தின் கட்டைகளோ கொஞ்சம் கனம் குறைவு. அதனால் அது கீழே அழுந்தி மூடிக்கொள்ளும். ஒரே பெட்டிக்குள் அருகருகே இறங்கி ஏறும் இரண்டு கட்டைகள் மோதிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சீவல் மேலிருந்து தொங்கும். முந்நூறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதைப் பழுது பார்ப்பதற்கும் வழி வைத்தே செய்திருக்கிறார்கள். கயிறு அறுந்தால் சுவரை உடைக்க வேண்டாம். உட்பக்கப் பீடிங்கைப் பெயர்த்தால் கீழ்ச் சட்டம் கையோடு வந்துவிடும். நிலையின் அடியில், பார்த்தால் தெரியாதபடி, ஒரு சிறு மரத்துண்டு பொருத்தியிருக்கும். அதை நெம்பினால் பெட்டிக்குள் கைவிட்டு விழுந்து கிடக்கும் கட்டையை எடுக்கலாம். பிறகு ஒரு மெல்லிய நூலில் வளைந்த ஆணியைக் கட்டிக் கப்பிமீது விட்டால், அது பெட்டிக்குள் சரசரவென்று இறங்கும். தச்சர்கள் அதைச் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள். சுண்டெலியின் வாலில் புதுக் கயிற்றை முடிந்து இழுத்து, கட்டையில் கோத்தால் தீர்ந்தது. கை பழகியவருக்கு ஒரு ஜன்னலுக்கு அரை நாள் வேலை.

இந்த ஜன்னலைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லலாம். 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான பிறகு தீ என்றாலே நகரத்துக்குப் பயம். சுவரின் வெளி விளிம்போடு ஒட்டிய மர நிலை தீயை அடுத்த வீட்டுக்குத் தாவ விடும் என்று, 1709-ஆம் ஆண்டுச் சட்டம் ஜன்னலை நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எடைப் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. அதனால்தான் பிற்கால ஜன்னல்கள் வெளியிலிருந்து பார்க்க அத்தனை ஒல்லியாக இருக்கின்றன. கண்ணாடிக்கும் கதை உண்டு. உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றி, பெரிய தட்டாக விரித்து, அதிலிருந்து சின்னச் சின்னச் சதுரமாக அறுத்தார்கள். சட்டத்துக்கு ஆறு துண்டு என்று வைத்தார்கள். 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்கு எடைபார்த்து வரி போட்டார்கள். ஆகவே கண்ணாடியை எவ்வளவு மெலிதாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெலிதாகச் செய்தார்கள். வரி போனதும் பெரிய, கனத்த கண்ணாடி வந்தது. பாரம் தாங்க, மேல் சட்டத்தின் இரு மூலையிலும் கொம்பு போல மரத்தை நீட்டி விட்டார்கள். 1720-இல் கட்டிய வீட்டின் ஜன்னலில் கொம்பு முளைத்திருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய கண்ணாடியில் எதிர்வீட்டைப் பார்த்தால் கோடுகள் லேசாக நெளியும். புதுக் கண்ணாடி மாட்டிய ஜன்னல் வரிசையில் அப்படியே பிடிபட்டுவிடும்.

"குளிர் உள்ளே வருகிறதே" என்பதுதான் எல்லோரும் சொல்கிற புகார். வருகிறது. ஆனால் பெரும்பாலும் கண்ணாடி வழியாக அல்ல, சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக. அந்தச் சந்தில் மெல்லிய தூரிகைப் பட்டை பதித்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும். மிச்சத்துக்கும் மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலின் இரு பக்கமும் சுவர் போலத் தெரிகிற பலகைகளைத் தட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அவை மடக்குக் கதவுகள். யாரோ ஆணியடித்து, மேலே ஏழெட்டு முறை பெயின்ட் பூசி மறந்துபோயிருப்பார்கள். கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, இப்படிப்பட்ட கதவை இரவில் மூடினாலே ஜன்னல் வழியாகப் போகும் வெப்பம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகத் தெரிந்தது. பழைய ஜன்னலைத் தொடாமல் உட்பக்கம் இரண்டாவதாக ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டினால் இன்னும் நல்லது. கோடையில் மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே உள்ளே வரும். மின்விசிறிகூட வேண்டாம்.

இதையெல்லாம் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த பால்டிக் கடற்கரைப் பைன் மரத்தின் வைரக்கட்டையில் இழைத்த சட்டங்கள் இருநூறு முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்திருக்கின்றன. அடியில் ஒரு மூலை உளுத்தால் அந்த மூலையை மட்டும் அறுத்துவிட்டு ஒட்டுப் போடலாம். பிளாஸ்டிக் சட்டம் இருபது முப்பது ஆண்டில் கோணிவிடும். ஒட்டுப் போட முடியாது, முழுசாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். "பராமரிப்பே தேவையில்லை" என்று விற்கிறார்கள். பராமரிக்கவே முடியாது என்பதற்கு அது இன்னொரு பெயர்.

சுவருக்கும் இதே கதைதான். அந்த வீடுகளின் செங்கல் சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலிலும் காற்றிலும் திருப்பி விட்டுவிடும். அதற்கு வழி செங்கல்களுக்கு நடுவில் உள்ள சுண்ணாம்புக் காரை. சிமென்ட் வந்த பிறகு கெட்டியாக இருக்கட்டும் என்று காரையைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் அடைத்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கியது. பனிக்காலத்தில் உறைந்து விரிந்து செங்கல்லின் முகத்தையே பிய்த்தெறிந்தது. உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் வேறு. அறைக்கு அறை இருந்த கணப்படுப்பு புகைபோக்கி வழியாக ஈரக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதையும் அடைத்துவிட்டு, உள்ளே குளித்து, சமைத்து, துணி காயப்போட்டால் சுவரில் ஓதம் ஏறாமல் என்ன செய்யும்? செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசிவிட்டு ஓதம் ஓதம் என்று புலம்புகிறவர்களும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம். ஓதத்துக்கு என்று சுவரில் மருந்து ஊசி போடும் கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன் மழைநீர்க் குழாயில் அடைப்பு எடுங்கள், சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசச் சொல்லுங்கள். 1877-இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து சொல்லி வருவதும் இதுதான்: புதுப்பிக்காதே, பழுது பார்.

ஆனால் பழுது பார்ப்பவருக்கு அரசாங்கம் என்ன கொடுக்கிறது? இங்கேதான் வாசகரின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. பழைய வீட்டைப் பழுது பார்த்தால் கூலிக்கும் பொருளுக்கும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. புதிதாக வீடு கட்டினால் அந்த வரி சுழியம். முன்பு பட்டியல் வீடுகளில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது விலக்கு இருந்தது; 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு சட்டம் இடிக்காதே என்கிறது, இன்னொரு சட்டம் இடித்தால் லாபம் என்று காட்டுகிறது. இதைச் சரிசெய்யாமல் வீட்டுக்காரரிடம் மட்டும் பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பட்டியல் வீடு வாங்க நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலில் அந்த வீட்டுக்கான குறிப்பைப் படித்து, வீட்டில் இப்போது இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பில் உள்ள படிக்கட்டோ ஜன்னலோ வீட்டில் இல்லையென்றால், மாற்றியதற்கான அனுமதிக் கடிதத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுமதியில்லாத வேலையைத் திருத்தச் சொல்லி அறிவிப்பு அனுப்ப அங்கே காலவரம்பு கிடையாது. முப்பது ஆண்டுக்கு முன் வேறொருவர் செய்ததாக இருந்தாலும், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அறிவிப்பு வரும், செலவும் அவருடையதுதான்.